டக்டக்கின் இடது ஷிஃப்ட்

என் சித்தப்பா மகனுக்கு மூன்று பெண்கள். மூத்தவளை நாங்கள் எல்லோரும் டக்டக்கு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேர் ஒன்று உண்டு. அது அவள் கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை அச்சானதோடு சரி, அப்புறம் அதைத் தேடியவர் இல்லை.

படிப்பு முடிந்த கையோடு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் விரல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் தட்டுவாள், பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தட்டுவாள், படுத்திருக்கிற தங்கச்சியின் முதுகில் தட்டுவாள். "ஏ டக்டக்கு, முதல்ல சோத்தத் தின்னு, அப்புறமா அடி" என்று அவள் அப்பன் ஒருநாள் சத்தம் போட்டான். பேர் ஒட்டிக்கொண்டது.

அந்த இன்ஸ்டிட்யூட்காரர் ஒரு மாதிரியான ஆள். பிள்ளைகளின் கைக்கு மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து அடிக்கச் சொல்வார். "கண்ணுக்கு வேலை காகிதத்துல, விரலுக்கு வேலை மெஷின்ல. ஒண்ணு இன்னொண்ண எட்டிப் பாக்கக் கூடாது" என்பார். இன்னொன்றும் சொல்வாராம்: "மெஷின் பொய் சொல்லாது. தப்பு வந்துதா, உன் விரலத் திட்டு." மற்ற பிள்ளைகள் அதைக் காதில் வாங்கி வாசலில் உதறிவிட்டுப் போனார்கள். இவள் மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பிற்பாடு வந்த வினைக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அந்த மனுஷரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்குள் இருக்கிறவன் குழி பறிப்பான் என்று எந்த வாத்தியார் பாடம் நடத்தினார்?

கட்டிக்கொண்டவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காள் இருந்தாளே, அவளுடைய கொழுந்தனுக்கு மகன். உறவு விட்டு உறவாக வந்த வரன். குடிக்கமாட்டான், அதிர்ந்து பேசமாட்டான். பேசவே மாட்டான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாயைத் திறந்தால் கொட்டாவிதான் என்று எங்கள் பக்கத்தில் கேலி பண்ணுவோம். "தங்கமான பிள்ளை" என்று அந்தப் பக்கத்தில் பெருமை பேசுவார்கள். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். அதையும் சொல்லிச் சிரிப்போம். அவனும் சிரிப்பான்.

வீடு இரண்டு அறை, ஓர் அடுப்படி. முன்னறையில் மாமியார்க்காரியின் கட்டில். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அந்த அம்மாளுக்கு எல்லாம் கட்டிலில்தான். கட்டிலுக்கும் அடுப்படிக் கதவுக்கும் நடுவில் ஒரு மேஜை, அதில் கம்ப்யூட்டர். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கட்டில் காலில் இடிக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் டக்டக்கு பள்ளிக்கூடப் புத்தகங்களை அடித்தாள். தூரத்துப் பட்டணத்தில் ஒரு பதிப்பகம், ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். அங்கிருந்து கையெழுத்துக் கட்டு கூரியரில் வரும். இவள் அடித்து மெயிலில் அனுப்புவாள். எப்பேர்ப்பட்ட கோழிக்கிறுக்கல் எழுத்தையும் படித்துவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பேர்.

பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி நாத்தனார்க்காரி அவ்வப்போது ஒரு சொல் விடுவாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. அவளுக்கு நாங்கள் வைத்த பேர் ரேடியோ. சாயங்காலமானால் வந்து, அம்மாவின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து, காப்பி குடித்து, "என் முதுகு மட்டும் நல்லா இருந்தா அம்மாவ நான் தரையில விடுவேனா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த முதுகு மூன்று மாடி ஏறும், மூன்று மாடி இறங்கும். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கத்தான் வராது.

டக்டக்கு அடிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதையே புரியாது. மத்தியானம் மாமியார் மாத்திரை போட்டுத் தூங்குகிற நேரம்தான் அவளுடைய நேரம். பக்கத்தை ஸ்டாண்டில் மாட்டுவாள். கம்ப்யூட்டர் திரைக்கு மேல் ஒரு துண்டைத் தொங்கவிடுவாள். ஆமாம், திரையை மூடிவிட்டுத்தான் அடிப்பாள். "கண்ணு அங்க போனா கை நிக்கும் பெரியப்பா. கை நின்னா பழசெல்லாம் நெனப்பு வரும்" என்பாள். மழை ஓட்டின் மேல் விழுகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். சாயங்காலம் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு, துண்டை எடுத்து, அடித்ததைப் படிப்பாள். தேடினாலும் பிழை கிடைக்காது.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை கேப்ஸ் லாக் என்கிற கீ. ஒவ்வொரு கீயிலும் இரண்டு எழுத்து குடியிருக்கிறது, கீழ்வீட்டுக்காரன் ஒருத்தன், மேல்வீட்டுக்காரன் ஒருத்தன். மேல்வீட்டுக்காரனைக் கூப்பிட ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். இந்தக் கேப்ஸ் லாக் இருக்கிறதே, அதைத் தெரியாமல் ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும், அப்புறம் அடிக்கிறதெல்லாம் மேல்வீட்டுக்காரனாகவே வரும். இடது சுண்டுவிரல் குடியிருக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல அது உட்கார்ந்திருந்தது. அந்தச் சுண்டுவிரலோ சின்ன வயதில் இரும்புக் கதவில் நசுங்கி, நகம் கோணலாக முளைத்த விரல். எப்போதாவது இடறும். திரை மூடியிருக்கிறதா, ஒரு பக்கம் முழுக்க அடித்த பிறகுதான் தெரியும், அத்தனையும் குப்பை என்று.

பதிப்பகத்தில் பிழை திருத்துகிற ஒரு மனுஷர் போனில் வழி சொன்னார். சின்ன புரோகிராம் ஒன்று இருக்கிறது, காசு கிடையாது, இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாத கீயைக் காட்டி ஒரு டிக் போட்டால் அந்தக் கீ செத்துப்போகும். அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. டிக்கை எடுத்தால் திரும்ப உயிர் வந்துவிடும். இவள் போட்டாள். கேப்ஸ் லாக்கைக் கொன்றாள். இன்சர்ட் என்று ஒன்று, ஜன்னல் படம் போட்ட இன்னொன்று, அவற்றையும் கொன்றாள். நான் அந்த வாரம் போயிருந்தபோது புது மூக்குத்தி போட்டவள் மாதிரி கூப்பிட்டுக் காட்டினாள்.

"இங்க பாருங்க பெரியப்பா, அடிங்க, நல்லா அடிங்க. ஒண்ணும் வராது."

"ஏன்மா, காசு குடுத்து வாங்கின கீய நீயே சாகடிக்கிற?"

"தொல்ல பண்றத வாசலுக்கு வெளிய நிறுத்துறதுக்கு இது ஒண்ணுதான் பெரியப்பா வழி."

அவள் புருஷன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனும் வாய் திறந்தான். "எங்க அக்கா வாய்க்கு ஒரு டிக் போட முடியுமா?"

மூன்று பேரும் சிரித்தோம். கட்டிலில் இருந்த அம்மாள்கூடச் சிரித்தது. அந்தப் புரோகிராமில் இன்னின்ன நேரத்துக்கு மட்டும் கீயைச் சாகவைக்கலாம் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதையும் அவள்தான் அவனுக்குக் காட்டினாள். "எனக்கு இது எதுக்கு, நாள் பூராவும் கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். ராத்திரியில் லிஃப்டைத் தானாக நிறுத்துகிற டைமரைக் கட்டடம் கட்டடமாகப் பொருத்துகிறவன் அவன். அந்தக் கட்டம் அவனுக்கு எவ்வளவு நேரத்தில் புரிந்திருக்கும்!

அதற்கப்புறம் சில வருஷம் நல்லபடியாகப் போனது. அந்தப் புரோகிராம் கம்ப்யூட்டரைப் போட்டதும் தானே எழுந்து தன் வேலையைப் பார்த்தது. அப்படி ஒன்று இருப்பதையே இவள் மறந்துபோனாள்.

பிறகுதான் பதிப்பகத்திலிருந்து அந்த அழைப்பு வந்தது. அவர்கள் அலுவலகத்திலேயே, அச்சுக்குப் போகிற புத்தகத்துக்குப் பக்கம் கட்டுகிற அறை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு தலைமை டைப்பிஸ்ட் வேண்டும். நிரந்தர வேலை, தங்க இடம் அவர்களே தருவார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த அம்மாள் போனில் கறாராகப் பேசினாராம்: "ஒரு மாசம் உங்க கையப் பாக்கறேன். தினமும் அடிச்சத அப்படியே அனுப்புங்க. திருத்தக் கூடாது. திருத்தி அனுப்பினா எனக்குத் தெரிஞ்சிடும்."

டக்டக்கு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அவள் குரல் அந்த மாதிரி இருந்து நான் கேட்டதில்லை.

"பெரியப்பா, அங்க எனக்குன்னு ஒரு மேஜையாம். ஜன்னல் பக்கத்துல. கூட நாலஞ்சு பேர் உக்காந்து அடிப்பாங்களாம். நாற்காலிய எவ்ளோ வேணா பின்னால தள்ளலாம்!"

"வீட்டுல அத்தைய யாரு பாப்பாங்க?"

"ஆள் வெச்சிடலாம்னு அவர்கிட்ட சொன்னேன். நான் அனுப்புற பணத்துலயே வெக்கலாம். மாசம் ரெண்டு தடவ நான் வந்துட்டுப் போறேன்."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"'உன் இஷ்டம்'னாரு. ஒரு வார்த்த தடுக்கல பெரியப்பா."

ரேடியோதான் தடுத்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி. "வீட்டுல கெடையா கெடக்கிற மாமியார விட்டுட்டு சீமைக்குப் போறாளாம் எழுத்து அடிக்க! எங்க தம்பி வாயில்லாப் பூச்சி, அதனாலதான இந்த ஆட்டம்?" அதற்கும் புருஷன், "விடுக்கா, போகட்டும், ஆசப்படறா" என்றானாம். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷனைப் போய் வாய் செத்தவன் என்று கேலி பண்ணினோமே என்று என்னிடமே சொன்னாள்.

சோதனை மாதம் தொடங்கியது. முதல் நாள் சாயங்காலம் துண்டை எடுத்துப் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் இருந்த பள்ளிகள் எல்லாம் பல்லிகளாகிக் கிடந்தன. கிணறு கினறாகியிருந்தது, வெள்ளம் வெல்லமாகியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அதே கதை.

இதை நான் அவளிடம் பலமுறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன், எனக்குப் புரிந்தமட்டில் சொல்கிறேன். ஷிஃப்ட் கீபோர்டில் இரண்டு இருக்கிறது, இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. என்னைப் போல ஒற்றை விரலால் குத்துகிறவனுக்கு எது கிடைத்தாலும் ஒன்றுதான். முறையாகப் படித்தவர்கள் அப்படி இல்லை. வலது கை எழுத்தை அடிக்கும்போது இடது சுண்டுவிரலால் இடது ஷிஃப்டைப் பிடிப்பார்கள், இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்டை. அவள் அடித்த கீபோர்டில் 'ள'வும் 'ண'வும் வலது கையில் இருந்தன, 'ற' இடது கையில். 'ற' எல்லாம் முத்து முத்தாக வந்திருந்தது. 'ள'வும் 'ண'வும் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அப்படியென்றால் குற்றவாளி யார்? இடது சுண்டுவிரல். கதவில் நசுங்கிய விரல்.

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து இடது ஷிஃப்டை அழுத்திப் பார்த்தாள். ஜோராக வந்தது. நூறு தடவை அடித்தாலும் வந்தது. சொன்ன சொல் மாறாமல், திருத்தாமல், அப்படியே அனுப்பினாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். கீபோர்டில்தான் கோளாறு என்று ஒருநாள் காலையில் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "கீபோர்டு சிங்கம் மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் கீபோர்டே வாங்கி மாட்டினாள். மத்தியானம் துண்டைப் போட்டு அடித்தாள், சாயங்காலம் எடுத்துப் பார்த்தாள். பல்லி, பல்லி, பல்லி.

அப்புறம் அவளுக்குச் சந்தேகமே இல்லை. விரல் போய்விட்டது. மெதுவாக அழுத்தினால் அழுந்துகிறது, வேகமாக அடிக்கும்போது கைவிடுகிறது. அப்படித்தான் முடிவு கட்டினாள். துண்டை எடுத்துவிட்டு அடித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பெரியப்பா, திரையப் பாத்து அடிக்கிறவளுக்கு அந்த வேலையக் கேக்கற தகுதியே கெடையாது" என்றாள். இருபது வருஷத்துப் பழக்கம். தடுக்கி விழுகிறவனிடம் கண்ணைத் திறந்துகொண்டு நட என்று சொல்லலாம். கண்ணை மூடியே நேராக நடக்கக் கற்றவளிடம் என்ன சொல்வது?

விரலைத் தண்டிக்க ஆரம்பித்தாள். இடது ஷிஃப்டை இறுக்கி இறுக்கிக் குத்தினாள். காலையில் அடுப்படி மேடையின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து அமுக்கிப் பயிற்சி பண்ணுவாளாம், மாவு பிசைகிற மாதிரி. விரல் வீங்கியது. அவள் புருஷன் வேலை முடிந்து வந்ததும் தைலம் எடுத்துக்கொண்டு உட்காருவான். அந்த விரலைத் தன் உள்ளங்கையில் வைத்து, நகத்திலிருந்து மணிக்கட்டு வரை நீவிவிடுவான்.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி இருந்துட்டுப் போகட்டும். அழுந்தித் தொலைஞ்சா போதும்."

"ஏன் இப்பிடி ஒடம்பக் கெடுத்துக்கற? முடியலன்னா முடியலன்னு சொல்லிடு. யாரு உன்ன என்ன சொல்லப் போறாங்க?"

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்களே. அந்தத் தொட்டில் ஆடிய அழகை ஒருநாள் நானே பார்த்தேன். கொடுத்துவைத்தவள் என்று என் மனைவியிடம் வந்து சொன்னேன்.

மாதம் முடிகிறதற்கு முன்னாலேயே டக்டக்கு அந்த அறைப் பொறுப்பு அம்மாளைக் கூப்பிட்டாள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றுதான் இருந்தார்களாம். இவளேதான் சொன்னாள்: "எனக்கு விரல் போயிடுச்சு மேடம். தெரிஞ்சே அந்த நாற்காலியில வந்து உக்காந்தா அது ஏமாத்து வேல." போனை வைத்துவிட்டு மாமியாருக்குப் படுக்கைத் துணி மாற்றினாள். ரேடியோ அன்றைக்கு லட்டு மாதிரி முகத்தோடு வந்து, "எது எது எங்க இருக்கணுமோ அது அது அங்க இருக்கணும்" என்று பொன்மொழி உதிர்த்தாளாம்.

டாக்டர் விரலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். நரம்பில் ஒன்றும் இல்லை, தசைநார்தான் அடி தாங்காமல் கிழிந்திருக்கிறது, முன்பு மாதிரி மடங்குமா என்பது சந்தேகம் என்றார். "எதுல இப்பிடிக் குத்தினீங்க?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் என் மூத்த அண்ணன் காலமானார். உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரு அறிவிப்பு அடிக்க வேண்டியிருந்தது. டக்டக்கைத் தவிர வேறு யாரிடம் போவது? ஒரு மத்தியானம் மூன்று மாடி ஏறிப் போனேன். கட்டிலில் அம்மாள் தூக்கம். நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் அன்றைக்குத் திரையில் துண்டு இல்லை.

"முதல்ல மகனுங்க பேரு, அப்புறம் மருமகனுங்க" என்றேன்.

"பெரிய மருமகன் முதல்லயா, வெளிநாட்டுக்காரரா?"

"பெரியவரப் பின்னால போட்டா அண்ணன் செத்ததவிடப் பெரிய சாவு விழும். முதல்ல போடு."

சிரித்துக்கொண்டே அடித்தாள். சுண்டுவிரல் சரியாக மடங்காது, இருந்தாலும் ஒற்றைச் சொல்லுக்கு அது போதும். 'பிள்ளைகள்' என்று அடித்தாள். 'பில்லைகல்' என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். பில்லைகல். விரலைத் தூக்கி, ஷிஃப்ட் கீயைக் குனிந்து பார்த்து, கட்டைவிரலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தாள். அப்பவும் 'ல'தான் வந்தது. அப்புறம் கையைக் குறுக்கே கொண்டுபோய் வலது ஷிஃப்டைப் பிடித்து அடித்தாள். 'ள' வந்தது.

அவள் கை அப்படியே நின்றுபோனது. பிறகு மவுஸைப் பிடித்து மூலையில் ஏதோ ஒரு சின்னப் படத்தை அமுக்கினாள். ஒரு பெட்டி விரிந்தது. அவள் போட்ட மூன்று டிக் அங்கே இருந்தது. நாலாவதாக இன்னொன்று: இடது ஷிஃப்ட். அதற்கு நேராக, பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை. மாமியார் தூங்குகிற, இவள் அடிக்கிற நேரம்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா, கோளாறா?" என்றேன்.

"இல்ல பெரியப்பா. எல்லாம் சரியா வேல செய்யுது" என்றாள்.

அறிவிப்பை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு விளக்கினாள். குரல் உயரவில்லை. நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவன் வந்தான், செருப்பைக் கழற்றினான், திரையைப் பார்த்தான். அந்தப் பெட்டி திறந்தபடியே இருந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வேலை முடிந்ததும் ஏணியை எடுத்து வைக்கக்கூடத் தோன்றாத ஊமை.

"நீங்களா?" என்றாள்.

"ஆமா."

மறுப்பான் என்று நினைத்தேன். கொட்டாவி விடுகிற மாதிரி சொன்னான்.

"ஏங்க?"

"நான் போகாதன்னு சொன்னா நான் கெட்டவன். நீயா முடியலன்னு சொன்னா யாருக்கும் பழி இல்ல. அந்த விரல் ஏற்கனவே அடிபட்ட விரல்தான... அம்மாவ ஒரு ஆள்கிட்ட விட எனக்கு மனசு வரல."

"வாயத் தொறந்து போகாதன்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டுப் போயிருப்பேன், இல்ல அழுதுட்டு இருந்திருப்பேன். எதுவா இருந்தாலும் அது என்னோடதா இருந்திருக்கும். என் விரல என்கிட்டயே பொய்யாக்கிட்டீங்களே."

"தைலம் தேச்சேனே" என்றான் அவன். கடவுளே, அதைச் சொன்னான்! நான் எழுந்துவிட்டேன். "மாப்ள..." என்று ஆரம்பித்தேன். "பெரியப்பா, நீங்க பேசாதீங்க. இருட்டறதுக்குள்ள கெளம்புங்க" என்று அவள்தான் என்னை அனுப்பிவைத்தாள்.

குடும்பம் கூடிப் பேசியது. பேசியது என்ன, ரேடியோ ஒலிபரப்பியது. "கையையா ஒடிச்சான்? குடிச்சிட்டு வந்து அடிச்சானா? ஒரு பொத்தான அணைச்சான். பொண்டாட்டி கூடவே இருக்கணும்னு பாசத்துல பண்ணினது!" என் சித்தப்பா மகன், பெற்ற அப்பன், தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க சொல்றதும் ஒரு வகையில..." என்று இழுத்தான். அடித்திருந்தால்கூட நாலு பேர் வருவார்கள், வீங்கின கன்னத்தைக் காட்டலாம். செத்த கீயை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? எத்தனை பேருக்கு அவள் விளக்கினாள் தெரியுமா, இடது ஷிஃப்ட் எது வலது ஷிஃப்ட் எது என்று. பாதியில் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அந்த அறைப் பொறுப்பு அம்மாளைக் கூப்பிட்டு, வெட்கத்தை விட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டாராம். பிறகு சொன்னாராம்: "கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அந்த நாற்காலியில ஆள் உக்காந்தாச்சு. இன்னொண்ணும் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. தெனம் மூணு மணி நேரம் ஒரு கீ செத்துக் கெடக்கறது தெரியாம கிட்டத்தட்ட ஒரு மாசம் அடிச்சிருக்கீங்க. தலைமை டைப்பிஸ்டா உங்கள எப்படிப் போடுவேன்?"

அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று டக்டக்கு சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதிப்பகத்துக்காரர்கள் அவளைக் கைவிட்டுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்தவள் சின்னப் பெண். கீயைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறவள், பக்கத்துக்குப் பத்து பிழை. அவள் அடித்ததைத் திருத்துகிற வேலையை டக்டக்குக்கு அனுப்பினார்கள். அதற்கு வேகம் வேண்டாம், ஒன்பது விரலே அதிகம். கட்டிலுக்கும் அடுப்படிக் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவளின் பிழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷனோடு மாத்திரை நேரம், பால் பாக்கெட், அவ்வளவுதான் பேச்சு. வருகிறவர்களிடம் அவன், "வீட்டுல இருந்தே வேல பாக்கறா" என்று பெருமையாகச் சொல்வான்.

போன வருஷம் அந்த மாமியார் அம்மாள் போய்ச்சேர்ந்தது. கடைசி வரைக்கும் துடைத்து, புரட்டி, ஊட்டி, எல்லாம் டக்டக்குதான். ரேடியோ எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். வந்தவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு நான் மட்டும் இருந்தேன். கட்டிலைப் பிரித்து மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான் அவன். கட்டில் இல்லாமல் அந்த அறை எனக்கு யார் வீட்டு அறையோ போல இருந்தது. சுவரில் சாய்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, தானாகவே பேசினான். அவன் தானாகப் பேசினது அபூர்வம்.

"இனி என்ன. அம்மாவும் இல்ல. இப்ப வேணும்னா அந்த வேலையக் கேட்டுப் பாரேன். போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் அன்றைக்கு வந்த பக்கங்களை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க எப்பவும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றாள்.